கோணல்வாலின் தோல்கள்

சென்ற கிழமை மாமாவின் அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு ஒன்றாய் வளர்ந்தவர்கள். முழங்கால் நோவோடு, சறுக்குகிற பனியில் கைபிடித்து நடந்து வந்தீர்கள். அதற்கு நன்றி.

கோவிலில் ஒருவர் பின் ஒருவராய் எழும்பிப் பேசினீர்கள். "தங்கச்சிக்கும் தகப்பனில்லாத பிள்ளையளுக்கும் தான் இருந்த வீட்டையே விட்டுக் குடுத்திட்டு மொன்ட்ரியால்-நோருக்குப் போன மனிசன்" என்றீர்கள். தலையாட்டினீர்கள். நான் பேசவில்லை. பெட்டிக்குக் கிட்டப் போய் அவருடைய கோட்டைச் சரிபண்ணிவிட்டு வந்து இருந்தேன். பாசம் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த வீட்டை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. ஒரு பாம்புதான் அவரைக் கிளப்பியது. அவர் உயிரோடு இருக்கும்வரை அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவும் இல்லை, இப்போது அவரும் இல்லை. இனிச் சொல்லலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணைக்குப் பதினேழு. அப்பா மன்னாரிலிருந்து வரவே இல்லை. மாமா அம்மாவின் மூத்த அண்ணன். எங்களுக்கு முன்னமே வந்து இங்கே காலூன்றியவர். எங்களைக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். மூன்று மாடி வீட்டில் மேல்மாடி. முன் அறை அவருக்கு. பின் அறையில் அம்மா, அண்ணை, நான். சுவரோரம் மாதா சுரூபம். அதன் காலடியில் ஒரு மருந்துப் போத்தல், அதற்குள் மடுக் கோவில் மண். அந்த மண் இருக்கிற வீட்டில் பாம்பு அண்டாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்தது. விஷப்பாம்பே இல்லாத மொன்ட்ரியாலுக்கும் அவர் அதைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

மாமா சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். மீனில் தலையும் நடுத்துண்டும் அவருக்கு. எங்களுக்கு வாலும் குழம்பும். "என்ர கூரை, என்ர சோறு" என்பார். பகிடி போலத்தான் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் சொன்னால் பகிடி இல்லை.

அண்ணை பள்ளிக்கூடம் விட்டதும் வில்லரேயில் ஒரு பிராணிக் கடைக்குக் கூடு கழுவப் போவார். ஓர் இலையுதிர்கால மாலை வந்து கோட்டுக்குள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்புக்குஞ்சு. பென்சில் தடிப்புக்கூட இல்லை. செம்மஞ்சள் உடம்பு, முதுகில் மண்நிறப் புள்ளி, புள்ளியைச் சுற்றிக் கறுப்புக் கோடு.

"கத்தாதை" என்றார் அண்ணை.

"கடிக்குமே?"

"கடிச்சாலும் குண்டூசி குத்தின மாதிரித்தான். விசம் இல்லை. சோளப்பாம்பு எண்டு சொல்லுவினம்."

"சோளம் தின்னுமோ?"

"விசரி. எலிக்குஞ்சு தின்னும்."

கடைக்காரர் எறியச் சொன்னவை அவை. ஒன்றுக்கு முட்டையிலேயே வால் நுனி முறுகிவிட்டது. யாரும் வாங்கமாட்டார்கள். மற்றது சாப்பிடாது. பொரித்த நாள் முதல் எதையும் வாயில் வைக்கவில்லை. சாகட்டும் என்று விட்டிருந்தார்.

அலுமாரிக்குள் கீழ்த்தட்டில், வீட்டுக்குச் சூடு வருகிற குழாய்க்குப் பக்கத்தில் வைத்தோம். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பாம்பு தனக்குத் தேவையான இடத்துக்குத் தானே போய்க்கொள்ளும். தனித்தனிப் பெட்டி, இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று விழுங்கும். மூடி நன்றாகப் பூட்ட வேண்டும். அண்ணை சொல்லித் தந்தது இவ்வளவுதான். மிச்சம் பார்த்துப் பழகியது.

சாப்பாடு, பிறந்த எலிக்குஞ்சு. மயிர் முளைக்காதது, கண் திறக்காதது, இளஞ்சிவப்பு. கடையில் உறையவைத்தவற்றில் கொஞ்சம் அண்ணை கொண்டுவருவார். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் போட்டு உறைபெட்டியின் அடியில், மாமாவின் மீன் பொதிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தோம். கிழமைக்கு ஒன்று. தேத்தண்ணிக் கோப்பையில் சுடுதண்ணி விட்டு அதற்குள் போட்டு இளக்க வேண்டும். தொட்டால் உயிரோடு இருப்பதுபோலச் சூடு வேண்டும். குளிர்ந்த இறைச்சியைப் பாம்பு பார்க்காது. அம்மாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து முன்னால் ஆட்டுவேன்.

கோணல்வால் பாய்ந்து பிடிக்கும். ஒரு சுற்றுச் சுற்றி நெரிக்கும், செத்ததைத்தான் நெரிக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிறகு தலைப்பக்கமாய் விழுங்கும். வயிற்றில் ஒரு முடிச்சுத் தெரியும். இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். நான் தொடமாட்டேன். படுத்துக்கிடந்து அந்த முடிச்சு கீழே இறங்கிக் கரைவதைப் பார்ப்பேன். என் வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும்.

மற்றது தலையைத் திருப்பிக்கொள்ளும்.

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், "என்ன, உங்கட ஆள் இண்டைக்கும் ஒருசந்தியோ?" என்று கேட்டார். ஒருசந்தி என்றால் எங்கள் வேதத்தில் உபவாசம். அன்றிலிருந்து அதுதான் அதன் பெயர்.

ஒருசந்தி மெலிந்து முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. அண்ணை கடையில் கேட்டுவந்து ஒரு வழி சொன்னார். மார்ஜரீன் டப்பா ஒன்றின் மூடியில் ஊசியால் துளை போட்டோம். பாம்பையும் சூடாக்கிய குஞ்சையும் ஒன்றாய் அதற்குள் விட்டு மூடி, குழாய்க்குக் கிட்டத் துணியால் போர்த்தி வைத்தோம். இருட்டும் நெருக்கமும் இருந்தால் சிலது தின்னும். பார்க்கக்கூடாது, அதுதான் கஷ்டம். நான் அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தேன். பிறகு திறந்தேன். டப்பாவுக்குள் பாம்பு மட்டும் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு முடிச்சு.

குசினிக்கு ஓடினேன். "அம்மா, ஒருசந்தி முடிஞ்சுது!"

அம்மா அகப்பையோடு நின்று சிரித்தார். மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு இரண்டும் வளர்ந்தன. வளர்வதற்கு முன் கண் நீலமாய்ப் புகை படியும். சாப்பிடாது, ஒளிந்து கிடக்கும். பிறகு தெளியும். பிறகு மூக்கை எதிலாவது தேய்த்துத் தோலைக் கழற்றும். காலுறையை உட்புறம் வெளியே வரக் கழற்றுவதுபோல, வாயிலிருந்து வால்வரை ஒரே துண்டு. கண்ணின் மேல்தோலும் சேர்ந்து வரும், கண்ணாடிச் சில்லு மாதிரி இரண்டு வட்டம். தோல் எப்போதும் பாம்பைவிட நீளம், இழுபட்டுக் கழல்வதால். நான் அவற்றை நீல பிஸ்கட் தகரம் ஒன்றில் சேர்த்தேன். எனக்கென்று அந்த வீட்டில் இருந்த சாமான் அந்தத் தகரம் ஒன்றுதான்.

தை மாதம், ஒரு ஞாயிறு. பூசை முடிய மாமா கோவில் சபைக்காரர் சிலரைச் சாப்பிடக் கூட்டிவந்தார். அண்ணை கடையில் மிருகங்களுக்குத் தண்ணி வைக்கப் போயிருந்தார். மாமாவுக்கு அன்று பெருமை கூடிவிட்டது. "றால் பொரியல் தரச் சொல்லுறன்" என்று தானே போய் உறைபெட்டியைக் கிளறினார். ஐஸ்கிரீம் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே இளஞ்சிவப்பாய், வளைந்து, சின்னதாய். இறால்தான் என்று தட்டில் கொட்டி, ஆட்களுக்குக் காட்ட மேசையில் வைத்தார்.

ஒருவர் குனிந்து பார்த்தார். "இஞ்ச பாருங்கோ, இதுக்குக் கால் இருக்கு."

"றாலுக்குக் கால் இருக்கும்தானே."

"நாலு கால். விரலும் இருக்கு."

இன்னொருவர் கண்ணாடியைப் போட்டார். "ஐயோ, காதும் இருக்கு. கனடா றாலோ இது?"

மேசை அதிரச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், கொஞ்சக் காலம் அவருக்குக் 'கனடா றால்' என்று பட்டம் இருந்தது. எப்படி வந்தது என்று தெரிந்திராது.

ஆட்கள் போய்க் கதவு சாத்துப்பட்டதும் அவருடைய சிரிப்பு நின்றது. எங்கள் அறைக்குள் அவர் முதல்தரம் வந்தார். அலுமாரியைத் திறந்தார். பெட்டிகளைக் கண்டதும் ஒரு கணம் பின்வாங்கினார்.

"விரியன்! கண்ணாடி விரியன்!"

"இல்லை மாமா. சோளப்பாம்பு. விசம் இல்லை."

"எனக்குப் பாம்பு படிப்பிக்கிறியோ? மன்னாரில விரியனுக்குள்ள நடந்து வளந்தவன் நான்."

காலால் உதைத்தார். கோணல்வாலின் பெட்டி சுவரில் மோதி மூடி கழன்றது. அது தரையில் விழுந்து, வழுக்கி, சூட்டுக்குழாய் தரைக்குள் இறங்குகிற ஓட்டைக்குள் போய்விட்டது. வால் நுனியின் கோணல் கடைசியாய்த் தெரிந்தது. மாமா ஓடிப்போய் மடு மண்ணை எடுத்துவந்து ஓட்டையைச் சுற்றித் தூவினார்.

பிறகு மற்றப் பெட்டியைக் காட்டினார். "தூக்கு அதை."

தூக்கினேன்.

"கொண்டுபோய்ப் பின் பல்கனியில வை. செபம் முடியட்டும். பேந்து கதைப்பம்."

அம்மா வாசலில் நின்றார். "அண்ணை, வெளியில வைச்சாச் செத்துப்போம்."

"முழங்காலில நில்."

நான் கொண்டுபோய் வைத்தேன். காதை அறுக்கிற குளிர். பெட்டிக்கு மேலே என் தொப்பியைக் கழற்றிப் போட்டேன். 'பேந்து கதைப்பம்' என்றதை நம்பினேன். கதைத்தால் விளங்கப்படுத்தலாம் என்று வசனங்களைக்கூட யோசித்து வைத்தேன்.

செபமாலை அன்று நீண்டது. வழமையாய் ஓட்டமாய்ச் சொல்லுகிறவர், ஒவ்வொரு மணியையும் இழுத்து இழுத்துச் சொன்னார். கடைசியில் செத்தவர்களுக்கு, நோயாளிகளுக்கு, நாட்டுக்கு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார். பின்கதவின் அடியால் காற்று வந்து என் காலைத் தொட்டது. நான் மாதாவைப் பார்க்கவில்லை. அவருடைய விரலைப் பார்த்தேன், மணி மணியாய் நகர்வதை.

முடிந்ததும் ஓடினேன். ஒருசந்தி வளைந்தபடியே விறைத்திருந்தது, உறைந்த சப்பாத்துக் கயிறு மாதிரி. கைக்குள் வைத்து ஊதினேன். சட்டைக்குள், வயிற்றோடு வைத்தேன். மெதுவாய் இளகியது. அசையவில்லை.

"மாதா காப்பாத்திப்போட்டா" என்றார் மாமா. "குப்பையில போட்டிட்டு, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா."

கழுவினேன். சாப்பிட்டேன். வால் துண்டு. அண்ணை வந்து அழுதார். நான் அழவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் உண்மையாகவே விரியன் என்று நினைத்திருக்கலாம். புள்ளி அப்படித்தான் இருக்கும், ஊரில் வளர்ந்த எவரும் பயப்படுவார்கள். அதை விடுங்கள். ஆனால் விரியன் என்று நினைத்தவர் அந்தப் பெட்டியைத் தான் தொடாமல் பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு ஏன் தூக்க வைத்தார்? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கே வந்தது. இன்றுவரை போகவில்லை.

சில நாள் கழித்துக் குசினி கூட்டும்போது பிறிச்சின், அந்தக் குளிர்சாதனப் பெட்டியின், பின்பக்கம் தும்புத்தடி எட்டவில்லை. எட்டிப் பார்த்தேன். மோட்டருக்கு மேல், சூட்டில், தூசி போர்த்துக்கொண்டு கோணல்வால் சுருண்டு கிடந்தது.

ஒருவருக்கும் சொல்லவில்லை. காலுறைக்குள் போட்டு, கோட்டுக்குள் வைத்துக் கீழே இறங்கினேன்.

எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு கிரேக்க மதாம் தனியே இருந்தார். அவருடைய ரேடியோ சத்தத்துக்கு மாமா தும்புத்தடியால் தரையை இடிப்பார். மதாம் பதிலுக்குக் கூரையை இடிப்பார். அதைத் தவிர இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கதவைத் தட்டிக் காலுறையைத் திறந்து காட்டினேன். என் பிரெஞ்சு அப்போது முறிந்த பிரெஞ்சு. ஆபத்தில்லை, மேலே வைத்தால் கொல்லுவார் என்று சொன்னேன். மதாம் காலுறைக்குள் பார்த்தார். விரலைக் கூரைப்பக்கம் காட்டினார். "அவரா?"

"வி, மதாம்" என்று தலையாட்டினேன்.

குசினி அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார். பாம்புக்குப் பயந்தவர்தான். மாமாமேல் கோபம் பயத்தைவிடப் பெரிதாய் இருந்தது. அண்ணைக்கு மட்டும் சொன்னேன். அவர் சாப்பாடு கொண்டுவந்தார், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கீழே வைத்துக் கொடுப்பேன். அம்மா 'எங்கே போறாய்' என்று கேட்டதில்லை.

அங்கே அது முதல்தரம் தோல் கழற்றியபோது, தகரத்தில் போடத்தான் மேலே கொண்டுவந்தேன். வாசலில் மாமாவின் பனிச் சப்பாத்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அடுத்த நாள் காலை சப்பாத்துக்குள் கால் விட்ட மாமாவின் கத்தலைக் கீழே மதாமும் கேட்டிருப்பார். ரேடியோவை நிற்பாட்டினார்.

"உயிரோட இருக்கு! வீட்டுக்குள்ள இருக்கு! பார், இப்பத்தான் கழட்டினது!"

அம்மா தோலை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நல்லா வளந்திருக்கு அண்ணை" என்றார். "சுவருக்குள்ள எலி இருக்கும். அதுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை."

நான் அவசரப்படவில்லை. பாம்பு வளர்த்தால் பொறுமை வரும். நன்றாய்ச் சாப்பிடக் கொடுத்தேன். சின்னக் குஞ்சு போதாமல் மயிர் முளைத்த குஞ்சு, ஒன்று போதாமல் இரண்டு. கண் நீலமாகும்வரை காத்திருந்தேன். அடுத்த தோல் அவர் கோட்டின் கைக்குள். அதற்கடுத்தது தலையணை உறைக்குள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம். அவர் முழங்கையிலிருந்து விரல்வரை வைத்து அளந்து பார்ப்பார். தோல் பாம்பைவிட நீளம் என்று அவருக்குத் தெரியாது. அவர் எனக்குப் பாம்பு படிப்பிக்க வந்தவர். நான் படிப்பிக்கவில்லை.

கட்டிலைச் சுற்றி மடு மண் கோடு போட்டார். போத்தல் குறைந்துகொண்டு வந்தது. ஊரில் சண்டை, மண் அனுப்ப ஒருவரும் இல்லை. கடைசியில் போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நின்றார். சபைக்காரரை வரச்சொல்லித் தேடுவித்தார். வந்தவர்கள் சோபாவைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "கனடா றால் திண்டு வளந்த பாம்பாக்கும்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பிறிச்சுக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது என்று குசினிக்குள் வருவதை விட்டார். அது மோட்டர் சத்தம். வெளியே கடையில் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினார். முதல் நாள் அம்மா சட்டியைத் திறந்து, நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். தலையை அண்ணைக்கு. அந்த மீனின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு மாலை, செபத்துக்கு எல்லோரும் முழங்காலில் நின்றோம். மாமா செபப் புத்தகத்தைத் திறந்தார். நடுவில், அடையாளம் வைத்த மாதிரி மடித்து, ஒரு தோல். புத்தகத்தை எறிந்துவிட்டு எழும்பினார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அம்மா மட்டும் கண்ணை மூடியபடி அடுத்த மணிக்குப் போனார்.

யூலை முதலாம் திகதி இந்த ஊரே வீடு மாறுகிற நாள். அன்று மாமாவும் மாறினார். மாதாவை மடியில் வைத்துக்கொண்டு லொறியின் முன் ஆசனத்தில் இருந்தார். ஏற முதல் சப்பாத்தைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். கீழ்மாடி மதாம் யன்னலால் கைகாட்டினார். பிறகு கோவிலில், தங்கச்சிக்கு வீட்டை விட்டுக் குடுத்தன் என்று சொல்லித் திரிந்தார். எனக்குக் கொதித்தது.

"சொல்லட்டும்" என்றார் அம்மா. "வீடு எங்களிட்டத்தானே."

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, கடைசிக் காலத்தில், ஒன்று சொன்னார். தனக்கும் மாமாவுக்கும் ஒரு தம்பி இருந்தானாம். விரியன் கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மாமா கடிவாயில் மடு மண்ணைப் பூசிவிட்டு செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தாராம். தம்பி விடியமுதல் முடிந்துவிட்டான்.

"அதுதான் உன்ர மாமாவுக்குப் பாம்பெண்டால் அந்தப் பயம்" என்றார் அம்மா.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மனம் இளகுமோ என்று பார்த்தேன். இளகவில்லை.

"அப்ப செபப் புத்தகத்துக்குள்ள ஏனம்மா வைச்சனீங்கள்?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பினார். "குளிருது. அதைச் சாத்து பிள்ளை" என்றார்.

கோணல்வால் இருபது வருசத்துக்கு மேல் இருந்தது. மதாம் மகளிடம் போனபோது திரும்ப என்னிடம் வந்தது. என் பிள்ளைகள் அதற்குச் சாப்பாடு வைத்தார்கள். கிழடாகிச் சாப்பாட்டைக் குறைத்து, ஒருநாள் தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. அதன் கடைசித் தோல் என் இடுப்புயரத்துக்கு மேல். அந்த பிஸ்கட் தகரத்தில் சுருட்டி வைத்திருந்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

சென்ற கிழமை, சவப்பெட்டிக்குக் கிட்ட மாமாவின் மகள் நின்றாள். அவர் மொன்ட்ரியால்-நோருக்குப் போன பிறகு கட்டிப் பெற்ற பிள்ளை. நல்ல பிள்ளை. ஊருக்குப் போனபோது எடுத்துவந்த மடு மண்ணைச் சின்னப் பையில் கட்டித் தகப்பனின் கோட்டுப் பையில் வைத்திருந்தாள்.

"அப்பா கேட்டவர் மச்சாள், கட்டாயம் வைக்கச் சொல்லி" என்றாள். "கடைசி வரைக்கும் சப்பாத்தைத் தட்டிப் பாத்துத்தான் போடுவார். ஏனெண்டு தெரியேல்லை."

"எனக்கும் தெரியாது" என்றேன்.

அவள் ஆட்களைப் பார்க்கத் திரும்பினாள். நான் கோட்டைச் சரிபண்ணினேன். மண் இருந்த அதே பைக்குள் அந்தத் தோலை நாலாய் மடித்து வைத்தேன். மெல்லிசு, வெளியே மேடு தெரியவில்லை. தலைப்பக்கத்தை மேலே விட்டு, கண் இரண்டும் அவர் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

பிறகு பெட்டியை மூடச் சொன்னேன்.